சுண்ணாம்புக் கல் உயிர்ப்பாறையான வரலாறு

சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில், தமிழ்நாட்டின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் நெடுங்காலம் இயங்கியது. 2001 ஜூலையில் மத்திய அரசு கல்பவளங்கள் அனைத்தையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தபோது, மன்னார் வளைகுடாவின் பவளத்துக்குப் புலிக்கு நிகரான சட்டக் காவல் கிடைத்தது. அதைக் காக்கும் கடமை சைதாப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது.

அதுவரை தென்கடற்கரையில் பவளம் கட்டடக் கல்லாகவும் சுண்ணாம்பாகவுமே மதிக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களில் அக்கல்லை இன்றும் காணலாம். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடப்பாரையால் பெயர்த்து வள்ளங்களில் ஏற்றப்பட்ட பவளம், சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கால்சியம் கார்பைடு ஆலைகளுக்கும் சென்றது. வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீருள் மூழ்கியதற்கு இவ்வகழ்வு ஒரு முதன்மைக் காரணம். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின்பும் கல் எடுப்பது தொடர்ந்தது என்பது வருந்தத்தக்க உண்மை.

கல்லாகக் கருதப்பட்ட அதே பொருளை உயிருள்ளதாகக் கண்டவர்களுள் மீன்தொட்டிக் கலைஞர்களும் அடங்குவர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், பவளத்திட்டிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு கடல்நீர்த் தொட்டியைப் பேண முடியும் என்பதை 1961இல் எழுதி வெளியிட்டார். உயிர்ப்பாறை எனப்படும் இத்தகைய துண்டு இறந்த பவளத்தின் நுண்துளை நிறைந்த எலும்புக்கூடாகும். அதன் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் மீன் கழிவின் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்ற, ஆக்சிஜன் குறைந்த உட்துளைகளில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. கடலிலிருந்து எடுத்த பாறையில் ஒட்டியுள்ள கடற்பஞ்சுகளும் புழுக்களும் பயணத்தில் மடிந்து அழுகுவதால், அதை நேரே மீன்களிடையே வைக்க இயலாது. தனித் தொட்டியில் மங்கிய ஒளியிலும் வலுவான நீரோட்டத்திலும் அதை வைத்து, அழுகிய பகுதிகளைச் சுரண்டியெடுத்து, அடிக்கடி நீர் மாற்றி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லாமற்போகும் வரை சில வாரங்கள் காத்திருப்பதே அதைப் பதப்படுத்தும் முறை.

இம்முறை பரவியதும் பிஜி, டோங்கா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பவளத்திட்டுகள் ஏற்றுமதிப் பொருளாயின. புளோரிடாவோ தன் கடலில் இயற்கைப் பாறை எடுப்பதைத் தடுத்து, கடலடியில் சாதாரணக் கல்லை இட்டு உயிர்கள் படியவிட்டு வளர்க்கும் தொழிலுக்கு இடமளித்தது. தமிழ்நாட்டின் மீன்தொட்டிக் கலைஞர்களுக்கு 2001க்குப் பின் நேர்மையான வழி ஒன்றே எஞ்சியது: சிமெண்டுடன் சிப்பித் தூளும் கல் உப்பும் கலந்து வார்த்து, உப்பு கரைந்து துளைகள் உண்டாகவும் சிமெண்டின் காரம் இறங்கவும் வாரக்கணக்கில் நன்னீரில் ஊறவைத்து, பின் கடல்நீரில் பாக்டீரியாவைக் குடியேற்றுவது. கடற்பஞ்சும் புழுவும் இத்தகைய பாறையில் குறைவு என்பது மெய். ஆயினும் பவளத்திட்டு ஒன்று உடையாமல் நிற்பதற்கு அது மிகச் சிறிய விலை.

தொட்டியில் நிகழும் இதே குடியேற்றத்தைக் கடலடியில் நிகழ்த்தும் பணியைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் மேற்கொண்டு, கான்கிரீட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்த்து வருகிறது. அகழ்வாலும் அலையாலும் கரைந்துவந்த, வளைகுடாத் தீவுகளுள் ஒன்றான வான் தீவின் முன்னே கான்கிரீட்டால் ஆன செயற்கைத் திட்டுகளும் இறக்கப்பட்டுள்ளன.