சராசரிக்குள் மறைந்த சிறுமிகள்

சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டினால் தருமபுரி மாவட்டத்தின் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரம். தொண்ணூறுகளில் அந்த மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில், பச்சிளம் பெண் குழந்தைகள் பலரின் இறப்புக்கு 'சமூகக் காரணங்கள்' என்று எழுதினார்கள். பெண் சிசுக்கொலை என்பதுதான் பொருள்.

கர்ப்பிணியை முதல் மாதங்களிலிருந்தே பார்த்துவரும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு எந்த வீட்டில் என்ன நடந்தது என்பது தெரியும். அவர் அதை எழுதினாரே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997-ல் இந்தப் பதிவேடுகளை வைத்தே சேலம், தருமபுரி, மதுரை என்று கொலை நடக்கும் பகுதிகளை வெளிச்சமிட்டுக் காட்டினார்கள்.

இந்தக் கொலைகளைத் தடுக்க, வளர்க்க விரும்பாத குழந்தையைப் பெற்றோர் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்ல வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொடங்கியது. 2001-ல் அது தருமபுரிக்கும் வந்தது. தொட்டிலுக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை, காப்பாற்றப்பட்ட உயிர்களின் கணக்காகவே பேசப்பட்டது. வந்த குழந்தைகள் எல்லாருமே கொல்லப்பட இருந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? வறுமையால் கொடுத்தவர்கள் உண்டு, மணமாகாத தாய்மார்கள் உண்டு. பெற்ற மகளை அரசிடம் விட்டுச் செல்வோர் பெருகினால் அது வெற்றியே அல்ல.

பதிவேட்டில் சிசுக்கொலை குறைந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. ஸ்கேன் பார்த்துக் கருவிலேயே அழிக்கப்பட்ட பெண், சிசு இறப்புக் கணக்கில் வரமாட்டாள். பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 1996-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

எல்லாவற்றையும்விட ஏமாற்றியது மாநிலச் சராசரி. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள 1,000 சிறுவர்களுக்குத் தமிழகத்தில் 942 சிறுமிகள், இந்தியாவில் 927. பெருமைப்படலாம் போலிருக்கிறது அல்லவா? அதே கணக்கெடுப்பில் சேலத்தில் 851. இன்றைய தருமபுரி எல்லைக்குள் 826!

2011-ல் தருமபுரி 910-ஐத் தாண்டியது. செவிலியர்கள், தெருக்கூத்துக் கலைஞர்கள், பெண்கள் அமைப்புகள் பலர் வீடுவீடாகப் பாடுபட்ட மண் இது. ஆனால் அதே பத்தாண்டில் கடலூரும் அரியலூரும் 900-க்குக் கீழே சரிந்தன. மாநில எண்ணோ 943. ஒன்றே ஒன்று கூடியிருந்தது. மாவட்ட எண்கள் தனித்தனியாக வெளியானதால்தான் அந்தச் சரிவு கண்ணில் பட்டது. அந்த ஆண்டே தொட்டில் திட்டம் கடலூருக்கும் அரியலூருக்கும் நீட்டிக்கப்பட்டது.