உழைப்பாளியின் கையெழுத்தும் குடும்பத்தின் உரிமையும்

பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரளாகக் குடியேறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழமுடையது. அந்த ஆழத்தில் பாறை, மேலுள்ள பாரம் தாங்காது திடீரென வெடித்துச் சிதறுவதுண்டு. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்படும் வரையில், காலையில் இறங்கியவர் மாலையில் ஏறி வருவார் என்பது உறுதியில்லாத வாழ்க்கையாகவே அது இருந்தது.

அத்தகைய தொழிலில் சேரும் ஒருவர், ‘விபத்து நேர்ந்தால் வழக்குத் தொடரமாட்டேன், நடுவர் சொல்வதை ஏற்பேன்’ என்று கைநாட்டு வைத்தால், அவர் இறந்தபின் அது மனைவி மக்களையும் கட்டுப்படுத்துமா? இக்கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு.

இங்கிலாந்தில், பிறர் குற்றத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கோரும் உரிமையை 1846-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது: இறந்தவர் உயிரோடிருந்தால் தாமே வழக்கிட்டிருக்கக் கூடியவராக இருத்தல் வேண்டும். 1882-இல் டட்லிப் பிரபுவின் நிலக்கரிச் சுரங்கத்தில் மாண்ட ஒருவரின் மனைவி வழக்குத் தொடுத்தார். கணவர் தம் உரிமையை முன்னரே விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் செய்திருந்தமையால் மனைவிக்கும் உரிமையில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. கணவரின் கையெழுத்து கைம்பெண்ணின் கையைக் கட்டிவிட்டது.

இந்தியாவின் 1855-ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டமும் இங்கிலாந்துச் சட்டத்தின் வார்ப்பிலேயே அமைந்தது. ஆகவே அதே அபாயம் இங்கும் இருந்தது. அதனை நீக்கியது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். நஷ்டஈட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுக்கும் எந்த உடன்படிக்கையும் செல்லாது என்று அதன் 17-ஆம் பிரிவு விதித்தது. 8-ஆம் பிரிவோ இன்னும் நுட்பமானது. மரணத்துக்குரிய தொகையை முதலாளி ஆணையரிடமே கட்டவேண்டும். சிறு முன்பணம் தவிர, குடும்பத்தாரிடம் நேரே கொடுத்தது கொடுத்ததாகக் கொள்ளப்படமாட்டாது. துயரத்தில் இருப்பவரிடம் சிறு தொகையைக் கொடுத்துக் கையெழுத்துப் பெறும் வழி இவ்வாறு அடைபட்டது. அன்று மைசூர் தனிச் சமஸ்தானமாதலால் பிரிட்டிஷ் இந்தியாவின் இச்சட்டம் தங்கவயலுக்குத் தானாகச் செல்லவில்லை. நாடு ஒன்றான பின்னரே ஒரே சட்டம் எங்கும் நிலவலாயிற்று.

நடுவர் ஒப்பந்தம் பற்றிய ஐயம் எஞ்சுகிறது. ஒப்பந்தம் செய்தவர் இறந்தாலும் அது அவருடைய சட்டப் பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தும் என்று 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டம் கூறுகிறது. ஆயினும் அது இறந்தவருக்குச் சேரவேண்டிய பாக்கிகளைப் பற்றியது. மரணத்துக்கான நஷ்டஈடு இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தன்று. அவரைச் சார்ந்து வாழ்ந்தோருக்குச் சட்டம் நேரே அளிப்பது. மேலும், தனி மன்றத்துக்கெனச் சட்டம் ஒதுக்கிய வழக்குகளை நடுவரிடம் ஒப்படைத்தல் இயலாது என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 2020-இல் வித்யா துரோலியா வழக்கில் உறுதிப்படுத்தியது. அமெரிக்காவில் இத்தகைய தெளிவு இல்லை. 2007-இல் ஒஹையோ மாநில உச்ச நீதிமன்றம் ‘குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது’ என்றது. 2009-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ‘கட்டுப்படுத்தும்’ என்றது.

1923-ஆம் ஆண்டின் அடிப்படைகளை 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் ஏற்றுள்ளது. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்போரின் குடும்பத்துக்கு முதலாளியிடமிருந்தன்றி, அக்கழகத்திடமிருந்து சார்ந்தோர் உதவித்தொகை கிடைக்கும்.

பெங்களூரின் கட்டடப் பணிகளிலும் தொழிற்சாலைகளிலும் இன்று நம்மவர் பலர் உழைக்கின்றனர். வேலையில் சேரும் நாளில் படிக்க நேரமில்லாத தாள்களில் கையெழுத்திடுகின்றனர். அவர்களுடைய வீட்டார் அறிந்திருக்க வேண்டியது இதுவே: உழைப்பவர் தம் உழைப்பைக் குறித்து ஒப்பந்தம் செய்யலாம், தம்மை நம்பியிருக்கும் பிள்ளைகளின் நஷ்டஈட்டை எழுதிக்கொடுக்க அவருக்கும் அதிகாரமில்லை, அதை எழுதி வாங்க முதலாளிக்கும் அதிகாரமில்லை.