தீர்ப்பைத் தமிழுக்குக் கொண்டுவந்த ரிகார்டு கீப்பர்

மாயூரம் வேதநாயகம் பிள்ளைன்னதும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவல்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அதைவிடப் பெரிய வேலையாகத் தெரிவது 'சித்தாந்த சங்கிரகம்'.

முன்சீப் ஆவதற்கு முன்னால் அவர் திருச்சி கோர்ட்டில் ரிகார்டு கீப்பர், பிறகு மொழிபெயர்ப்பாளர். அதாவது எந்தக் கட்டில் என்ன இருக்கு, கட்சிக்காரனுக்கு அதில் எவ்வளவு புரியுது என்று தினமும் பார்த்த ஆள். கட்சிக்காரன் பேசுவது தமிழ். மேலே சதர் கோர்ட்டின் தீர்ப்போ இங்கிலீஷில். நிலம் போச்சுன்னு அவனுக்குத் தெரியும். ஏன் போச்சுன்னு தெரியாது. வக்கீல் சொன்னதுதான் சட்டம்.

1805 முதல் 1861 வரையான சதர் கோர்ட் தீர்ப்புகளை வேதநாயகம் தமிழில் தொகுத்து 1862-ல் வெளியிட்டார். அதே வருஷம் சென்னை ஹைகோர்ட் வந்தது, சதர் கோர்ட் போனது. ஆக, ஒரு கோர்ட்டின் ஏறக்குறைய மொத்த ஆயுளும் தமிழில்! அதோடு விடவில்லை, 1862, 1863 தீர்ப்புகளையும் மொழிபெயர்த்தார்.

1879-ல் வந்த நாவலிலும், தமிழ் கோர்ட்டில் இங்கிலீஷில் வாதாடும் வக்கீல்களை ஒரு பிடி பிடிக்கிறார். பதினேழு வருஷமாகியும் கோபம் ஆறவில்லை போல.