பட்டறை வெளியே, பாடம் உள்ளே: காத்தலான் உருபனியல் ஆய்வு வளர்ந்த வரலாறு

காத்தலான் மொழியின் உருபனியலையும் சொல்லாக்கத்தையும் இன்று பார்சிலோனா, வலென்சியா, ஜிரோனா, பால்மா நகரங்களின் பல்கலைக்கழகங்களில் முறையான பாடமாகப் படிக்கலாம். ஆனால் அந்தப் பாடத்துக்கு அடித்தளமிட்டவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்லர். ஒருவர் தொழிற்பொறியாளர், மற்றவர் மயோர்காத் தீவின் பாதிரியார். எப்படி எழுதுவது, எந்த வடிவத்தை ஏற்பது என்ற நடைமுறைத் தேவையிலிருந்தே இந்த மொழியின் உருபனியல் பிறந்தது. பேசுவோர் மனத்தில் சொல் எப்படி உருவாகிறது என்ற கோட்பாட்டுக் கேள்வி பின்னர் வந்தது. அப்படி வந்தபோதும் பழைய தேவையை அது உதறவில்லை. இத்துறையின் வலிமையே அந்தத் தொடர்ச்சிதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பல்கலைக்கழகம் ஏன் பிந்தியது என்பதற்கு அரசியல் காரணம் உண்டு. 1714இல் பார்சிலோனா ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப்பின் படையிடம் வீழ்ந்தது. 1716இல் வந்த நுயேவா பிளாந்தா ஆணை காத்தலோனியாவின் தனி ஆட்சியமைப்பைக் கலைத்தது. அடுத்த ஆண்டு ஐந்தாம் பிலிப் மன்னர், பார்சிலோனாவில் இருந்த பல்கலைக்கழகத்துக்கு மாற்றாக செர்வேரா என்ற சிறு நகரில் புதிய ஒன்றை நிறுவினார். 19ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழகம் பார்சிலோனாவுக்குத் திரும்பியபோதும் பாடமொழி காஸ்திலியன் எனப்படும் ஸ்பானிஷாகவே இருந்தது. அந்நூற்றாண்டின் மறுமலர்ச்சி இயக்கம் காத்தலானில் கவிதையை வளர்த்தது, கவியரங்குகளை நடத்தியது. அந்தக் கவிஞர்களுக்குப் பொதுவான எழுத்துமுறையோ ஒரே வினைமுடிபு வாய்பாடோ கிடையாது.

பொம்பேவு ஃபாப்ரா (1868–1948) இந்தக் குழப்பத்துக்குள்தான் நுழைந்தார். 1890களின் தொடக்கத்தில் ‘லவென்ஸ்’ இதழைச் சுற்றியிருந்த இளைஞர்களோடு சேர்ந்து எழுத்துச் சீர்திருத்தம் கோரினார். அவர்கள் எடுத்த சிக்கல்களில் ஒன்று, பார்வைக்கு மிகச் சிறியது. ‘காசா’ என்றால் வீடு. அதன் பன்மையை ‘காசாஸ்’ என்று எழுதுவதா, ‘காசெஸ்’ என்று எழுதுவதா? பார்சிலோனாக்காரர் காதுக்கு இரண்டும் ஒன்றே. அந்நகரப் பேச்சில் அழுத்தம் பெறாத ஆகாரமும் எகாரமும் ஒரே மங்கிய உயிராகக் கலந்துவிடும். காஸ்திலியன் எழுத்தைப் பார்த்துப் பழகிய கைகள் ‘காசாஸ்’ என்றே எழுதின. ஆனால் வலென்சியாவில் மக்கள் ஒருமையில் ஆகாரத்தையும் பன்மையில் தெளிவான எகாரத்தையும் ஒலிக்கிறார்கள். இடைக்காலக் காத்தலான் ஏடுகளிலும் எகாரம்தான் பரவலாக உள்ளது. பழைய ஏடும் மேற்குக் கிளைமொழிகளும் சேர்ந்து சொல்லும் சான்று, தலைநகரின் காதைவிட வலியது என்பது ‘காசெஸ்’ தரப்பின் வாதம். 1913இன் எழுத்து விதிகளில் அது ஏற்கப்பட்டது.

இதை வெறும் எழுத்துச் சண்டையாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. ஒரு பன்மை விகுதியின் உண்மையான உருவம் எது என்று கேட்டு, ஓர் ஊரின் பேச்சில் மறைந்திருப்பதை மற்றோர் ஊரின் பேச்சால் வெளிக்கொணர்ந்தது அந்த வாதம். மேற்பரப்பு ஒலிக்கு அடியில் உருபு ஒன்று இருக்கிறது என்ற எண்ணம், கோட்பாட்டு நூல்கள் அதைச் சொல்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இங்கே வேலை செய்துகொண்டிருந்தது. ஃபாப்ரா அப்போது வாழ்க்கைக்காக வேதியியல் கற்பித்தார். 1902 முதல் சுமார் பத்தாண்டுகள் பில்பாவோ நகரின் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபடியே இலக்கணம் எழுதினார்.

மயோர்காப் பாதிரியார் அந்தோனி மரியா அல்கோவரின் வழி வேறு. 1901இல் காத்தலான் பேசும் எல்லா நிலங்களுக்குமான பேரகராதிக்கு உதவி கேட்டு அழைப்புக் கடிதம் வெளியிட்டார். 1906இல் பார்சிலோனாவில் காத்தலான் மொழியின் முதல் பன்னாட்டு மாநாட்டைக் கூட்டினார். பிறகு ஊர் ஊராகப் பயணம் செய்து, மக்கள் வாயிலிருந்தே வினைமுடிபுகளைக் குறித்தெடுத்தார். ‘நான் பேசுகிறேன்’ என்பதற்குப் பார்சிலோனாவில் ‘பார்லோ’, வலென்சியாவில் ‘பார்லெ’, தீவுகளில் விகுதியே இல்லாத ‘பார்ல்’, பிரான்சுக்குள் இருக்கும் ரொசெய்யோவில் ‘பார்லி’. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் திரட்டிய லட்சக்கணக்கான வடிவங்கள் அவருடைய குறிப்பேடுகளில் இருந்தன. அவற்றை அவருடைய உதவியாளர் ஃபிரான்செஸ்க் தெ போர்ஜா மோல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். ஒரு ரோமானிய மொழியின் வினைத்திரிபை ஒரு தனிமனிதர் இவ்வளவு விரிவாகக் காதால் கேட்டு எழுதியது பெருஞ்செயல்.

1907இல் தொடங்கிய காத்தலான் ஆய்வு நிறுவனம் 1911இல் மொழிப் பிரிவை அமைத்தபோது அல்கோவர் அதன் முதல் தலைவரானார். ஃபாப்ராவும் அதில் உறுப்பினர். 1918இல் அல்கோவர் நிறுவனத்தோடு முறித்துக்கொண்டார். அதே ஆண்டில் ஃபாப்ராவின் இலக்கணம் அதிகாரபூர்வ நூலாக வெளிவந்தது. அல்கோவர் தொடங்கிய அகராதியை மோல் 1962இல் பத்துத் தொகுதிகளில் முடித்தார். ஃபாப்ரா தேர்ந்தெடுத்தார், அல்கோவர் எதையும் விடாமல் சேர்த்தார். இன்றைய ஆய்வாளருக்கு இருவரும் வேண்டும்.

சொல்லாக்கம் இந்தக் காலத்தில் இலக்கணத்தைவிட அகராதியில்தான் அதிகம் நடந்தது. ஃபாப்ராவின் 1932ஆம் ஆண்டுப் பொது அகராதி காஸ்திலியன் கடன்சொற்களை விலக்கி, மொழியின் சொந்த உருபுகளால் அமைந்த சொற்களை முன்நிறுத்தியது. ‘அறிந்துகொள்’ என்பதற்கு வழங்கிய ‘எந்தெரார்-செ’ என்ற சொல்லுக்கு மாற்றாக ‘அசபெந்தார்-செ’ நிலைபெற்றது. ‘சபெந்த்’ (அறிகின்ற) என்பதன் முன்னும் பின்னும் ஒரே வேளையில் ஒட்டுச் சேர்ந்து வினையான வடிவம் அது. வினையும் பெயரும் இணையும் தொகைகளும் வளமாக இருந்தன. தண்ணீரைத் தடுக்கும் ‘பராய்குவா’ குடை. வானத்தைச் சுரண்டும் ‘கிராத்தசெல்’ வானுயர்ந்த கட்டடம். எந்தச் சொல் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், அது ஏன் உருவாக முடிகிறது என்று இன்னும் கேட்கவில்லை.

1932இல் பார்சிலோனாப் பல்கலைக்கழகம் ஃபாப்ராவைக் காத்தலான் பேராசிரியராக அமர்த்தியது. மறு ஆண்டு, தன்னாட்சி பெற்ற அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுத் தலைவரானார். 1934 அக்டோபர் எழுச்சிக்குப் பின் சிறை, 1939இல் நாடுகடந்த வாழ்வு, 1948இல் பிரான்சின் பிராதா ஊரில் மரணம். பல்கலைக்கழகத்தில் காத்தலான் ஆய்வுக்குக் கிடைத்த இடம் ஒரு பத்தாண்டுகூட நிலைக்கவில்லை.

ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் ரோமானிய மொழிநூல் என்ற பொதுப் பெயரின் நிழலில் மட்டுமே இந்த மொழியை ஆராய முடிந்தது. அந்தோனி பாதியா இ மார்காரித்தின் வரலாற்றிலக்கணம் 1951இலும், மோலின் வரலாற்றிலக்கணம் 1952இலும் வெளிவந்தன. இரண்டும் காஸ்திலியனில் எழுதப்பட்டவை. வாழும் மொழியைப் பற்றிப் பேசத் தடையிருந்தபோது அதன் இலத்தீன் மூலத்தைப் பற்றிப் பேசினார்கள். ஃபாப்ரா இறுதிக் காலத்தில் எழுதிய இலக்கணத்தை ஜோவான் கொரோமினஸ் பதிப்பித்து 1956இல் வெளியிட்டார். ஒட்டுகளும் தொகைகளும் அதில் தமக்குரிய இடத்தைப் பெற்றன.

பார்சிலோனாத் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் என்ற புதிய நிறுவனம் 1968இல் தோன்றியது. ஜோவான் மாஸ்கரோ 1976இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் காத்தலான் ஒலியனியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1980களில் காத்தலான் மொழியிலேயே பல்கலைக்கழகப் பாடநூல்கள் வந்தன: மாஸ்கரோவின் உருபனியல் நூல், மரியா தெரேசா கப்ரேயும் ஜெம்மா ரிகாவும் எழுதிய சொல்லியல், பொருண்மையியல் நூல். கேள்வி இப்போது மாறியது. ‘காமயார்க்’ என்பது நீண்ட காலுடையவனைக் குறிக்கும். ‘காமா’ (கால்) பெண்பால் சொல், ‘யார்க்’ (நீண்ட) ஆண்பால் வடிவம். தொகைக்குள் இருக்கும் காலோடு பால் ஒத்துப்போவதில்லை, வெளியே நிற்கும் ஆளோடு ஒத்துப்போகிறது. பெண்ணைச் சொல்லும்போது ‘காமயார்கா’. இந்தத் தொகையின் தலைமைச் சொல் எது? இத்தகைய சொற்களை நெடுங்காலமாக அகராதிகள் பட்டியலிட்டே வந்தன. அவற்றை விளக்க வேண்டிய புதிராகக் கண்டது புதிய தலைமுறை.

இன்னும் ஆழமான சான்று சுட்டுப்பெயர் ஒட்டுகளில் கிடைத்தது. ‘அதை அவனுக்கு’ என்பதை வலென்சியாவில் இரண்டு ஒட்டுகளும் தெரியும்படி ‘லில்’ என்கிறார்கள். பார்சிலோனாவிலோ ‘அவனுக்கு’ என்னும் ‘லி’ நீங்கி, ‘அங்கே’ என்று பொருள்படும் ‘இ’ அதன் இடத்துக்கு வருகிறது. எவுலாலியா பொனெத் 1991இல் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேடு, தொடரியல் தன் வேலையை முடித்த பிறகு உருபனியல் தனி விதிகளால் இந்த மாற்றத்தைச் செய்கிறது என்று வாதிட்டது. இலத்தீன் ‘இபி’யிலிருந்து வந்த அதே சிற்றொட்டின் வரலாறுதான் 1940களில் பாதியாவின் முனைவர் பட்ட ஆய்வுப் பொருளின் ஒரு பாதி. அவர் அதன் பிறப்பை ஆராய்ந்தார், பொனெத் அது மனித மொழித்திறன் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டார். கிளைமொழிகளைக் கவனமாகக் கேட்கும் மரபு இல்லாதிருந்தால் இரண்டாவது கேள்வி எழுந்திருக்காது.

1983இன் மொழிச் சட்டம் பள்ளியிலும் ஆட்சியிலும் காத்தலானை அமர்த்தியபோது புதுச்சொல் தேவை பெருகியது. 1985இல் ‘தெர்ம்காத்’ என்னும் கலைச்சொல் மையம் தோன்றியது. கப்ரே தொடங்கிய புதுச்சொல் நோக்ககம் நாளிதழ்களிலிருந்து புதிய வடிவங்களைத் தொடர்ந்து சேகரித்தது. எந்த ஒட்டு இன்னும் உயிரோடு சொற்களைப் பெறுகிறது, எது ஓய்ந்துவிட்டது என்று ஊகிக்காமல் தரவிலிருந்தே சொல்ல அதனால் முடிந்தது. 2002இல் ஜோவான் சோலா, மரியா-ரோசா யொரெத், மாஸ்கரோ, வலென்சியாவின் மானுவேல் பேரெஸ் சல்தான்யா ஆகியோர் இயக்கிய தற்காலக் காத்தலான் இலக்கணம் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. இவர்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். நெறிப்படுத்தும் அதிகாரம் அந்நூலுக்கு இல்லை. காத்தலான் ஆய்வு நிறுவனம் 2016இல் தன் புதிய நெறியிலக்கணத்தை வெளியிட்டது. ஃபாப்ராவின் 1918ஆம் ஆண்டு இலக்கணத்துக்கும் இதற்கும் இடையே 98 ஆண்டுகள். இந்நூலில் உருபனியல் பகுதி வினைத்திரிபோடு நிற்கவில்லை, முன்னொட்டும் பின்னொட்டும் தொகையும் தனித்தனியே விரிகின்றன. பார்லோ, பார்லெ, பார்ல் போன்ற வடிவங்கள் அவை வழங்கும் நிலப்பகுதியோடு சேர்த்துத் தரப்பட்டுள்ளன.