நேவா ஆற்றிலிருந்து வேம்பநாட்டுக்கு

1838-இல் மோரிட்ஸ் யாக்கோபி ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்மோட்டார் படகை ஓட்டிக் காட்டினார். துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் தந்த அந்த பேட்டரிகளை வெயிலில் சார்ஜ் செய்ய அன்று வழியில்லை.

வழி பிறக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2012-இல் ‘பிளானெட்சோலார்’ என்ற படகு வெயிலை மட்டுமே நம்பி உலகைச் சுற்றி முடித்தது. நமக்கு அதைவிட முக்கியம், 2017 ஜனவரியில் கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் வைக்கம்–தவணக்கடவு இடையே ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’. 75 பேரை ஏற்றும் சூரியசக்திப் படகு அது!

சிறு பாய்மரப் படகில் சிக்கல் வேறு: பாயின் நிழல் விழுந்தாலே சோலார் பலகையின் மின்சாரம் சட்டென்று குறையும். ஆனால் காற்றில் ஓடும்போது நீரில் தானாகச் சுழலும் விசிறியாலும் பேட்டரியை சார்ஜ் செய்யலாம்.

இத்தகைய படகுகள் அந்தமானுக்கும் தேவை; அங்கே டீசல் கப்பலில்தான் வருகிறது. அங்குள்ள கராச்சர்மாவில் மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசியின் 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. தீவுகளின் சிறு படகுகளுக்கும் அந்த வெயிலைக் கொண்டுசெல்ல அந்தமான் நிர்வாகம் முன்வர வேண்டும்.