ஒரு ராத்திரிக்கு எத்தனை வருஷம்?

'வீக்கெண்ட்' (2011) பிரிட்டிஷ் படம். நாட்டிங்காம்ல ரசலும் கிளெனும் வெள்ளிக்கிழமை ராத்திரி சந்திக்கிறாங்க. விடிஞ்சதும் கிளென் ரெக்கார்டரை நீட்டி, அந்த ராத்திரியைப் பத்திப் பேசச் சொல்றான். கோவில்பட்டியில கதவைத் தாழ்போட்டு, ஹெட்போன் மாட்டித்தான் நான் இதைப் பார்த்தேன்.

ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு, ஆங்கிலேயர் 1860-ல் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தில் இருந்தது. அவங்க இங்கிலாந்துல 1967-லேயே தடையைத் தளர்த்திட்டாங்க. நம்ம உச்ச நீதிமன்றம் விடுவிச்சது 2018 செப்டம்பர் 6-ல். இடையில 51 வருஷம்.

சட்டம்தான் அங்கிருந்து வந்தது, ஆசை இல்லை. பக்கத்து இடைசெவல்காரர் கி.ரா., 'கோமதி' கதையில, ஆணாப் பிறந்து இன்னொரு ஆணை விரும்புற சமையல்காரரை எழுதியிருக்கார். கரிசல்ல ஆசை இருந்துச்சு; பயமில்லாத ஒரு ராத்திரிதான் இல்லை.