சேலம் நாட்டில் இஞ்சினீயர் படிப்பும் அதன் ஊதியமும்

நம் முன்னோர் தறியையே தொழிலாகவும் செல்வமாகவும் கொண்டு வாழ்ந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளுள் இஞ்சினீயர் பட்டம் பெற்றோர் இன்று சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் எண்ணிறந்தோர். இம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது, அப்படிப்பு எக்காலத்து எவ்வளவு பயன் தந்தது, இனி நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

தொழில்நுட்பம் இந்நாட்டிற்குப் புதியதன்று. கஞ்சமலையின் இரும்புத் தாதுவை உருக்கி எஃகு செய்த கொல்லர்கள் நெடுங்காலம் இங்கு வாழ்ந்தனர். சேலத்துத் தாதுவை நம்பியே ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். எனினும் அக்கொல்லரின் அறிவுக்குப் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை.

பட்டமும் பதவியும் சென்னையிலிருந்து வந்தன. 1794-இல் கும்பினியார் அங்கு ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினர். அதுவே வளர்ந்து இஞ்சினீயரிங் கலாசாலையாகி, 1920-இல் கிண்டிக்குப் பெயர்ந்தது. அதில் இடங்கள் மிகச் சில. தேறியவர்க்குச் சர்க்கார் மராமத்து இலாகாவே புகலிடம். ஆகவே அக்காலத்தில் இடம் பெறுதலே ஊதியம் பெறுதலாக இருந்தது. அவ்விடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சர்க்கார் உத்தரவின்படி, பதினான்கு இடங்களுள் ஆறு பிராமணரல்லாத இந்துக்களுக்கும், இரண்டு பிற்பட்ட இந்துக்களுக்கும் அளிக்கப்பெற்றன. 1951-இல் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. அவ்வழக்குகளுள் ஒன்று இஞ்சினீயரிங் கலாசாலை இடம் பற்றியதேயாம். அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறை திருத்தப்பட்டது. ஒரு கலாசாலை இடம் அன்று எத்துணை அருமையுடையதாக இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நம் ஜில்லாவில் இஞ்சினீயர் தொழிலின் மாட்சியைக் கண்கூடாகக் காட்டியது மேட்டூர் அணை. 1925-இல் தொடங்கிய வேலை 1934-இல் முற்றுப்பெற்றது. 1937 முதல் அணையில் மின்சாரமும் பிறந்தது. இவ்வட்டாரத்தில் மின்சாரம் பரவப் பரவ, பள்ளிபாளையம், குமாரபாளையம் முதலிய ஊர்களில் கைத்தறியின் இடத்தை விசைத்தறி பற்றலாயிற்று. தம் மகன் இஞ்சினீயராக வேண்டும் என்னும் ஆசை நெசவாளர் மனத்தில் வேரூன்றியதற்கு இவையெல்லாம் காரணமென்க.

சுதந்தரத்திற்குப் பின் ஐந்தாண்டுத் திட்டங்கள் இஞ்சினீயர்களை வேண்டி நின்றன, கலாசாலைகளும் பெருகின. 1966-இல் சேலத்திற்கே ஓர் அரசினர் பொறியியற் கல்லூரி வாய்த்தது. ஆனால் அவ்வாண்டுகளிலேயே மழை பொய்த்தது, தொழில்கள் மந்தமாயின, நாடெங்கும் இஞ்சினீயர் பட்டதாரிகள் வேலையின்றித் திகைத்தனர். 1968-இல் மத்திய சர்க்கார் சேர்க்கையையே குறைக்க நேர்ந்தது. பட்டம் உண்டேல் வேலை உண்டு என்னும் நம்பிக்கை தளர்ந்தது இன்று நேற்று அன்று. சேலம் உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டியும், 1980-களின் தொடக்கத்திலேயே உற்பத்தி நிகழ்ந்தது. அதுவும் கஞ்சமலைத் தாதுவை உருக்குவதாக அன்றி, வெளியிலிருந்து வந்த துருவேறா எஃகை உருட்டித் தகடாக்குவதாகவே தொடங்கிற்று.

1984-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. பெருந்துறையில் 1984-இலும், திருச்செங்கோட்டில் 1994-இலும் கல்லூரிகள் தோன்றின. விரல்விட்டு எண்ணத்தக்கனவாக இருந்தவை மாநிலத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்டன. நாமக்கல், இராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் நுழைவுத் தேர்வுக்கும் மதிப்பெண்ணுக்கும் பிள்ளைகளைப் பழக்கிப் புகழ்பெற்றன. கம்ப்யூட்டர்க் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை எடுத்தமையால் பல குடும்பங்கள் ஒரு தலைமுறையிலேயே தலைநிமிர்ந்தன. இந்நன்மையை மறுப்பார் யார்?

நிற்க. ஊதியக் கணக்கையும் நோக்குவோம். 2010-ஐ ஒட்டிப் பெரிய கம்பெனிகள் புதுப் பட்டதாரிக்கு ஆண்டுக்கு மூன்று லட்ச ரூபாய்க்குச் சற்று மேலாகக் கொடுத்தன. பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தும் பெரும்பாலோர்க்குத் தொடக்கச் சம்பளம் மூன்றரை லட்சத்தை ஒட்டியே நின்றது. அதற்குள் விலைவாசி ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஆகவே எண்ணளவில் நின்ற சம்பளம் பொருளளவில் பாதியாயிற்று. தேடுவோர் பலராகவும் வேலை சிலவாகவும் இருக்குமிடத்து இது நிகழாதொழியுமோ? சர்க்கார் உதவி இஞ்சினீயருக்கு 2017 ஊதியத் திருத்தத்தின்படி தொடக்க அடிப்படைச் சம்பளமே மாதம் 37,700 ரூபாய். ஆயின் அவ்வேலைகளோ மிகச் சில. கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளை இஞ்சினீயர்" என்றவுடன் தலையசைத்த காலம் போய், "சம்பளம் எவ்வளவு?" என்று வினவும் காலம் வந்துவிட்டது.

இந்நிலையில் தறியையும் வீட்டையும் அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்குவது நன்றன்று. கலந்தாய்வில் இடம் பெறும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு 2010 முதல் சர்க்கார் அளிக்கும் கல்விக் கட்டணச் சலுகையை முதலில் நாடுக. கல்லூரியைத் தெரியும்போது கட்டடத்தின் உயரத்தைப் பாராது, சென்ற ஆண்டு எத்தனை பேர்க்கு, எவ்வளவு சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று கேட்டறிக.

மற்றொன்றும் கூறுவோம். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும், நாமக்கல் லாரிக் கூடுகட்டும் பட்டறைகளும், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளும் இந்நாட்டுக்குப் பெயர் தந்தவை. அவற்றை வளர்த்தவருட் பெரும்பாலோர் பட்டமின்றித் தொழிலறிந்தவர். பட்டதாரிகளோ சம்பளம் சிறிதென்று அங்குச் செல்வதில்லை. முதலாளிகளும் வேலை அறியாதவரென்று அவரை ஏற்பதில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டு, பட்டதாரி இஞ்சினீயர்களும் அதனுள் அடங்கினர். 2019 விதிகள் அவர்க்குக் குறைந்த உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாய் வகுத்தன. நம் சங்கத்தில் விசைத்தறி உடையாரும் உளர். வேலை தேடும் பிள்ளைகளின் பெற்றோரும் உளர். ஆலை உடையார் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பட்டதாரியையேனும் பழகுநராக ஏற்பாராயின், அவர்தம் எந்திரமும் திருந்தும். நம் பிள்ளையின் கையும் திருந்தும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அன்பர்கள் இதனை ஆலோசித்து, ஏற்கவல்ல ஆலைகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பார்களாக.